எழுபத்தெட்டு கிலோ

என் உடல் எடையைப் பற்றி நான் சொன்ன ஒரு பொய்யை நம்பி ஒரு விமானம் தரையை விட்டுக் கிளம்பியது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. பொய் சொல்லி உயிருக்கு ஆபத்து தேடிக்கொண்டவர்கள் பொதுவாக நிலத்துக்காகவோ பதவிக்காகவோ காதலுக்காகவோ சொல்லியிருப்பார்கள். கேட்பவருக்கும் அவர்கள்மேல் கொஞ்சம் மரியாதை வரும். நான் தொப்பைக்காகச் சொன்னேன்.

இதில் கூடுதல் அவமானம் என் உத்தியோகம். மிச்ச நேரத்தில் கதை எழுதினாலும், சம்பளம் வாங்குவது சேலத்தில் ஒரு ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில். எங்கள் விண்ணப்பத்தில் உயரம், எடை என்று அடுத்தடுத்து இரண்டு கட்டங்கள் இருக்கும். உயரத்தைக் கூட்டாமலும் எடையைக் குறைக்காமலும் அவற்றை நிரப்பிய மனிதரை நான் இன்னும் பார்க்கவில்லை. அப்படிக் கூட்டியும் குறைத்தும் எழுதுகிறவர்களை எதிரே உட்காரவைத்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "இப்ப மறைச்சீங்கன்னா பின்னால குடும்பத்துக்குத்தான் சிரமம்" என்று பாடம் எடுப்பவன் நான். என் மேசைக்கு எதிரே நானே வந்து உட்கார்ந்திருந்தால், மருத்துவப் பரிசோதனை முடித்துவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பேன்.

விமானத்தின் சொந்தக்காரர் என் மனைவியின் சித்தப்பா மகன். எனக்கு மாப்பிள்ளை முறை. திருச்செங்கோட்டுக்காரர். போர் போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறார். அந்த ஊரில் ரிக் வைத்திருப்பது ஒன்றும் அதிசயமில்லை, இல்லாமலிருப்பதுதான் அதிசயம். மாப்பிள்ளையின் ரிக் ஒருமுறை ஆப்பிரிக்காவுக்குப் போனது, கூடவே அவரும் போனார். சாலையே இல்லாத ஒரு காட்டில் ரிக் பழுதாகி நின்றபோது, அதற்கு வேண்டிய ஒரே ஒரு சாமான், மாட்டுத் தடம் மாதிரி இருந்த ஒரு மண்பாதையில் வந்து இறங்கிய குட்டி விமானத்தில் வந்து சேர்ந்ததாம். சாமானைக் கொடுத்துவிட்டு அதே மண்ணில் ஓடி அது மேலே ஏறிப் போனதை மாப்பிள்ளை வாயைப் பிளந்து பார்த்திருக்கிறார். அன்றைக்குப் பிளந்த வாய்தான். ஊருக்குத் திரும்பி, முறையாகப் படித்து, உரிமம் வாங்கி, இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றையும் வாங்கிவிட்டார். கதவு கிடையாது. இறக்கைக்குக் கீழே இரண்டு இருக்கை, முன்னால் ஒரு விசிறி, பின்னால் நீளமாக ஒரு வால். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ டி.வி.எஸ். வண்டிக்குப் பந்தல் போட்டது போலிருக்கும்.

"பூமிக்குள்ள ஓட்டை போடறவனுக்கு மேல என்னடா வேலை?" என்று அவருடைய பெரியப்பா கேட்டாராம். "கீழதான் தண்ணியே இல்லீங்களே பெரியப்பா" என்று இவர் சொன்னாராம். அந்தக் குடும்பத்தில் பேச்சுக்குக் குறைச்சல் கிடையாது.

நான் மாட்டிக்கொண்டது ஒரு கல்யாணப் பந்தியில். சுற்றிலும் சொந்தக்காரர்கள். வயிறு நிறைந்திருந்தால் எனக்குத் தைரியம் வரும். "எங்களையெல்லாம் ஏத்த மாட்டியா மாப்ள? நாங்க என்ன பயந்தாங்கொள்ளியா?" என்றேன். இந்த மாதிரிப் பேச்சு கை கழுவும்போதே தண்ணீரோடு போய்விட வேண்டும். ஆனால் ரிக் வண்டிக்காரர்கள் ஒரு ஆர்டரையும் மறப்பதில்லை. ஆனி மாதக் கடைசியில் போன் வந்தது.

"ஞாயித்துக்கெழம காலைல வந்துருங்க மச்சான். நான் பிளேன நம்ம தோட்டத்துக்கே கொண்டாந்துட்டனுங்க."

"தோட்டத்துல எப்படி மாப்ள இறக்கினே?"

"எறங்கறதுக்கு எடம் கொஞ்சம் போதுமுங்க. ஏறறதுக்குத்தான் நெறைய வேணும்."

இதை அவர் பாராட்டுச் சான்றிதழ் வாசிப்பது போல மகிழ்ச்சியாகச் சொன்னார். எனக்கு உடனே புரிந்தது. ஐம்பதைத் தாண்டியவன் நான். கீழே சம்மணம் போட்டு உட்காருவது ஒரு விஷயமே இல்லை, எழுந்திருக்கத்தான் சுவர் வேண்டும்.

தோட்டம் திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் போகும் வழியில் உள்ளே தள்ளி இருந்தது. நிலக்கடலை பிடுங்கிய காட்டை மட்டப்படுத்தி, ரோலர் விட்டு, நீளமாக ஒரு தடம் போட்டிருந்தார். அக்கம்பக்கத்தில் அதற்கு 'பிளேன் தடம்' என்றே பெயராகிவிட்டது. ஒரு பக்கம் முழுக்கக் கோழிப்பண்ணைக் கொட்டகைகள், வரிசையாக. மேற்குக் கோடியில் மின்கம்பி குறுக்கே போகிறது, அதற்கு அப்பால் தென்னந்தோப்பு. ஆனி ஆடியில் எங்கள் பக்கம் காற்று மேற்கிலிருந்துதான் அடிக்கும். காற்றை எதிர்த்துத்தான் விமானம் கிளம்ப வேண்டுமாம். அதாவது கம்பியையும் தென்னையையும் பார்த்துத்தான் ஓட வேண்டும். கிழக்கே வெட்டவெளி விரிந்து கிடந்தது. அந்தப் பக்கம் போகக் கூடாதாம். கடவுளுக்கும் விமானத் தொழிலுக்கும் இந்த மாதிரி விஷயங்களில் ஒரே ரசனை.

முந்தின இரவு மழை பெய்திருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை தடத்தின் மேல் நடந்துகொண்டிருந்தார். ஓரோர் இடத்தில் நின்று குதிகாலை மண்ணில் அழுத்தித் திருகிப் பார்த்தார். நானும் பின்னாலேயே நடந்தேன். என் செருப்பு அவருடையதைவிட ஆழமாகப் பதிவதை நான் அப்போதே கவனித்தேன். அவர் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"மேல காஞ்சிருக்குது, உள்ள கொஞ்சம் இளக்கமா இருக்குதுங்க" என்றார். "இளகுன மண்ணு டயரப் புடிச்சு இழுக்கும். வேகம் புடிக்க விடாது. அதுக்கு ஒரு வழி இருக்குதுங்க. மூக்கத் தூக்கியே வெச்சுக்கோணும். முன் சக்கரம் மண்ணுல அழுந்தப்படாது. சக்கரம் மண்ண விட்டதும் ஆசப்பட்டு மேல இழுக்கப்படாது. தரைய ஒட்டியே கொஞ்ச தூரம் ஓடி, நல்லா வேகம் வந்தப்புறந்தான் ஏறோணும்."

"ஆசப்பட்டு இழுத்தா?"

"தொப்புன்னு உக்காந்துருமுங்க."

தடத்தில் பாதித் தூரத்தில், ஓரமாக ஒரு வெள்ளைச் சாக்கை விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்திருந்தார். அந்தச் சாக்கு வருவதற்குள் வேகம் காட்டும் முள் ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தொட வேண்டும். தொடாவிட்டால் எஞ்சினை அணைத்து நிறுத்திவிடுவாராம். சாக்கைத் தாண்டிய பிறகு நிறுத்தப் பார்த்தால் தென்னந்தோப்பில்தான் போய் நிற்குமாம். கோழித் தீவனம் வந்த சாக்கு அது. என் ஆயுள் அதன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பிரிந்து கிடப்பதாக எனக்குப் பட்டது.

பிறகு கேட்டார். "ஏனுங்க மச்சான், எடை எவ்வளவு இருப்பீங்க?"

தனியாகக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்றுதான் இன்றைக்கும் என்னைத் தேற்றிக்கொள்கிறேன். அந்த நேரத்தில் பக்கத்தில் மூன்று பேர் இருந்தார்கள். விமானத்தின் வாலைப் பிடிப்பதற்காக வந்த தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர். விமானச் சத்தத்தில் கோழி முட்டை போடாமல் போனால் யாரைத் திட்டுவது என்று பார்க்க வந்த பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர். மூன்று பேரும் வயிறு ஒட்டி, முருங்கைக்காய்போல இருந்தார்கள். நான் மூச்சை உள்ளே இழுத்து, "எழுபத்தெட்டு" என்றேன்.

வீட்டுக் குளியலறைக்கு வெளியே இருக்கும் எடைபார்க்கும் இயந்திரத்தில் அன்று காலை முள் தொண்ணூற்றொன்றில் நின்றது. எழுபத்தெட்டு என்பது பொய்யிலும் முழுப் பொய்யல்ல. ஒரு காலத்தில் இருந்தேன். கல்யாணப் போட்டோவில் பார்க்கலாம்.

பண்ணைக்காரர் என்னை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தார். வியாபாரிக்குக் கோழி பிடித்துக் கொடுத்தே பழகிய கண்.

"எழுவத்தெட்டுங்களா?"

"ஆமாங்க."

"எதுக்குங்க சந்தேகம்? நம்ம தீவனக் கொட்டாயில தராசு இருக்குது. மூட்டை நிறுக்கறதுதான். ரெண்டு நிமிசம் ஏறி நின்னீங்கன்னாத் தெரிஞ்சு போயிரும்."

"மூட்டைத் தராசெல்லாம் எதுக்குங்க?" என்றேன், முடிந்தவரை கௌரவமாக.

"அட, உடுங்க" என்று மாப்பிள்ளை குறுக்கே வந்தார். "மச்சான் படிச்சவரு. எடை கேட்டு எழுதறதுதான் அவருக்குத் தொழிலே. அவரு சொன்னாச் செரியா இருக்கும்."

பண்ணைக்காரர் விட்டுவிட்டார். எனக்கு அந்த வாக்கியம் முதுகில் வைத்த பனிக்கட்டி மாதிரி இறங்கியது.

"எதுக்குக் கேட்டனுங்கன்னா," என்று மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார், "மண்ணு இந்த மாதிரி இருக்கறப்ப தொண்ணூறு கிலோவுக்கு மேல ஒரு ஆள ஏத்த மாட்டனுங்க. எழுவத்தெட்டுன்னா தாராளம். தொண்ணூறத் தாண்டுனா இன்னிக்கு வேண்டாம், ரெண்டு நாள் காயட்டும்னு சொல்லியிருப்பேன்."

இதுதான் சொல்லும் தருணம். ஒரே வாக்கியம் போதும். நான் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக மனதுக்குள் கணக்குப் போட்டேன். எல்லை தொண்ணூறு, நான் தொண்ணூற்றொன்று. ஒரு கிலோதானே அதிகம்? ஒரு கிலோவை இறக்கிவைக்க முடியாதா? செருப்பைக் கழற்றினேன். கைக்கடிகாரம், பர்ஸ், கைபேசி, வீட்டுச் சாவி, வண்டிச் சாவி, சீப்பு எல்லாவற்றையும் வாலைப் பிடிக்க வந்த பெரியவரிடம் கொடுத்தேன். கைக்குட்டையையும் கொடுத்தேன். இடுப்பு பெல்ட்டைக் கழற்றியபோது அவர் கொஞ்சம் பின்வாங்கினார்.

"எதுக்குங்க சாமி எல்லாத்தயும் குடுக்கறீங்க?"

"பத்திரமா வெச்சிருங்க" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. கடைசியாக ஒப்படைப்பதாக நினைத்திருக்க வேண்டும். பயபக்தியோடு துண்டில் கட்டி வைத்துக்கொண்டார். "அப்பிடியெல்லாம் பேசாதீங்க சாமி. நல்லபடியாப் போயிட்டு வாங்க" என்றார். பொதுவாக யாராவது 'போயிட்டு வாங்க' என்றால் நான் கவனிப்பதில்லை. அன்றைக்கு அந்த 'வாங்க'வைக் காதில் பிடித்து வைத்துக்கொண்டேன்.

இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். வண்டி என் பக்கம் சாய்ந்தது. கொஞ்சந்தான். பண்ணைக்காரர் என் பக்கச் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அவர் பேசியிருக்கலாம்.

மாப்பிள்ளை குறுக்குவார்களை இழுத்துக் கட்டினார். காதில் ஒரு கருவியை மாட்டிவிட்டார், வாய்க்கு முன்னால் சின்ன மைக் நீட்டிக்கொண்டிருந்தது. எஞ்சின் சத்தத்தில் இதன் வழியாகத்தான் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கும் என்றார். பிறகு வால்பக்கம் இருந்த இரண்டு பேரிடமும் ஏற்பாட்டை விளக்கினார். ஈர மண்ணில் பிரேக் போட்டாலும் சக்கரம் வழுக்கிக்கொண்டு போகும். அதனால் எஞ்சின் முழு வேகத்துக்கு வரும்வரை அவர்கள் இரண்டு பேரும் வாலை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"சத்தத்துல ஒண்ணும் கேக்காது. நான் கையத் தூக்கி 'உடுங்க'ன்னு சொல்லுவனுங்க. கையப் பாத்ததும் ரெண்டு பேரும் ஒண்ணா உட்ருங்க. ஒருத்தர் மின்ன, ஒருத்தர் பின்னன்னு உட்டா வண்டி திரும்பிக்கும்."

"ஆகட்டுங்க" என்றார்கள்.

எஞ்சின் உறுமியது. முதலில் என் முழங்கால் நடுங்கியது. அது எஞ்சினால் என்று நினைத்தேன். மாப்பிள்ளையின் முழங்காலைப் பார்த்தேன், அது சும்மா இருந்தது. முன்னால் தடம் தெரிந்தது, வெள்ளையாகச் சாக்கு தெரிந்தது, அதற்கப்பால் கம்பி, அதற்கப்பால் தென்னை. நடந்தபோது அந்தத் தோப்பு எவ்வளவோ தூரத்தில் இருந்தது. உட்கார்ந்த பிறகு கிட்டே வந்துவிட்டது.

பயத்தைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். பயந்தவனுக்கு வாழ்க்கை முழுவதும் கண்முன் ஓடும் என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். எனக்கு ஓடியது எங்கள் காப்பீட்டுப் பத்திரத்தின் ஒரு பத்தி மட்டுந்தான். பயணச்சீட்டு வாங்கிப் போகும் விமானத்தைத் தவிர வேறு எதிலாவது பறந்து இறந்தால் என்ன ஆகும் என்பது பற்றிய பத்தி. அதைச் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்போம். யாராவது கேட்டால், "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு சார், நீங்க என்ன பறக்கவா போறீங்க?" என்று சிரிப்பேன். அடுத்த பத்தி, விண்ணப்பதாரர் தன் உடல்நிலை பற்றித் தவறான தகவல் கொடுத்திருந்தால் என்ன ஆகும் என்பது. என் சாவுக்கு இரண்டு பத்திகளும் பொருந்தின.

சொல்லிவிடுவதென்று முடிவு செய்தேன்.

"மாப்ள, ஒரு நிமிஷம். எடை விஷயத்துல ஒரு சின்னத் திருத்தம்" என்றேன் மைக்கில்.

மாப்பிள்ளை முள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைக்கூட அசைக்கவில்லை. "மாப்ள!" என்று கத்தினேன். ஒன்றுமில்லை. குனிந்து பார்த்தால், என் காதுக் கருவியின் ஒயர், செருகியிருந்த இடத்திலிருந்து கழன்று என் மடியில் கிடந்தது. என் முழங்கால் நடுங்கிய நடுக்கத்தில் அதுவே கழற்றிவிட்டிருந்தது. அவருடைய தோளைத் தட்டலாம் என்றால் அவர் பக்கத்துக் கையைக் குறுக்குவார் மேலே விடவில்லை. எஞ்சின் இன்னும் ஏறியது. வண்டி முழுக்க அதிர்ந்தது. பின்னால் இருக்கும் ஆட்களிடமாவது சொல்லி நிறுத்தலாம் என்று தோன்றியது. கதவில்லாத பக்கமாகத் தலையை வெளியே நீட்டித் திரும்பினேன். பெரியவர் வாலைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் துண்டு மூட்டை அவர் தோளில் தொங்கியது.

வெளிப்பக்கத்துக் கையைத் தூக்கினேன். நெஞ்சிலிருந்து கத்தினேன்.

"என்னை விட்டுடுங்க!"

இவ்வளவு வருடம் தமிழ் படித்து, தமிழில் எழுதி, அந்த நேரத்தில் எனக்குக் கிடைத்த சொல் அது. 'நிறுத்துங்க' என்று கத்தியிருக்கலாம். 'வேண்டாம்' என்று கத்தியிருக்கலாம். தமிழில் மாட்டிக்கொண்ட மனிதன் எதற்கும் 'விட்டுடுங்க' என்றுதான் கெஞ்சுவான். பள்ளிக்கூட வாத்தியாரிடமும் போலீஸ்காரரிடமும் மாடிப்படியில் துரத்திய நாயிடமும் நான் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். ஆளையும் விடலாம், பேச்சையும் விடலாம், பிடித்த வாலையும் விடலாம். எல்லாவற்றுக்கும் ஒரே சொல். எஞ்சின் சத்தத்தில் 'என்னை' கரைந்துபோயிற்று. மிச்சமும் தூக்கிய கையும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன.

இரண்டு பேரும் சொன்னபடி, ஒன்றாக, விட்டார்கள்.

வண்டி பாய்ந்தது. மாப்பிள்ளை ஒரு கணம் திடுக்கிட்டதைப் பார்த்தேன். அவர் கை இன்னும் மடியில்தான் இருந்தது. ஆனால் ஈர மண்ணில் நகர ஆரம்பித்துவிட்டால் சாக்குவரை நிற்கக் கூடாது என்று காலையில் அவரே சொல்லியிருந்தார். விமானத்தை ஓட்டும் குச்சியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மூக்கு தூக்கிக்கொண்டது. தடம் மறைந்து வானம் மட்டும் தெரிந்தது. கீழே சக்கரங்கள் சேற்றில் 'சளசள'வென்று ஓடின. யாரோ பின்னாலிருந்து வேட்டியைப் பிடித்து இழுப்பது போலிருந்தது. மண் பிடிக்கிறது என்பதை அன்றைக்குத்தான் உட்காரும் இடத்தில் உணர்ந்தேன். என் பக்கத்தைத்தான் அதிகமாகப் பிடித்தது. அதற்கு என்னைப் பற்றி உண்மை தெரியும்.

பக்கவாட்டில் சாக்கு வந்தது. மாப்பிள்ளை முள்ளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எந்த முள், எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அவர் உதடு பிதுங்கியது மட்டும் தெரிந்தது. பல் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்க்கும்போது பிதுக்குவது போல. எஞ்சினை அணைக்கப்போகிறார் என்று நினைத்தேன். அணைத்துவிடு மாப்ள, உனக்குப் புண்ணியமாகப் போகும் என்று நினைத்தேன். சாக்கு எங்களுக்குப் பின்னால் போய்விட்டது.

திடீரென்று சளசளப்பு நின்றது. சக்கரம் மண்ணை விட்டுவிட்டது. அந்த அமைதிதான் என்னை அதிகம் பயமுறுத்தியது, ஏனென்றால் நாங்கள் மேலே ஏறவில்லை. தரையை ஒட்டி, கடலைச் செடி இருந்தால் பறித்துவிடலாம் என்ற உயரத்தில், கம்பியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். ஏன் ஏறவில்லை என்பது எனக்குத் தெரியும். காலையில் அவர் விளக்கியபோது தலையை ஆட்டியிருக்கிறேன். புரிந்தவன் தலையை ஆட்டுவது வேறு, கம்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது வேறு. மேலே இழு, மேலே இழு என்று என் கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. ஆசைப்பட்டு இழுத்தால் தொப்பென்று உட்கார்ந்துவிடும் என்பதும் அதே நேரத்தில் ஞாபகம் வந்தது. இரண்டு பயமும் ஒரே ஆளுக்குள் முட்டிக்கொண்டன. கண்ணை மூடலாம் என்று பார்த்தேன், இமை இறங்கவில்லை.

மேற்குக் காற்று ஒருமுறை பலமாக முகத்தில் அடித்தது. மாப்பிள்ளை குச்சியை இன்னும் கொஞ்சம் இழுத்தார். கம்பி காலுக்குக் கீழே போயிற்று. அடுத்தது தென்னை. ஓலைகள் கீழே போயின என்று சொல்ல ஆசைதான். சில பக்கவாட்டில் போயின. என் பக்கத்து மரத்தில் இளநீர்க் குலை ஒன்று, சந்தைக் கடையில் தொங்குவது போலக் கண்ணுக்கு நேராகத் தொங்கியது. முற்றியிருந்தது என்பதுவரை பார்த்தேன். அப்புறம் வானம்.

மேலே போனதும் மாப்பிள்ளை என் மடியில் கிடந்த ஒயரைப் பார்த்துச் செருகிவிட்டார்.

"கேக்குதுங்களா மச்சான்? ஒண்ணுமே பேசாம வாரீங்களேன்னு பாத்தேன். எப்பிடி இருக்குதுங்க?"

"பிரமாதம்" என்றேன்.

சங்ககிரி மலையைக் காட்டினார். பள்ளிபாளையத்துப் பக்கம் காவிரி தகடுபோல மின்னுவதைக் காட்டினார். ஜவ்வரிசி காயப்போட்டிருந்த களங்கள் கீழே வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. அவற்றைப் பார்த்தபோதெல்லாம் எனக்கு விரித்து வைத்த சாக்குதான் ஞாபகம் வந்தது. கோழிக் கொட்டகைகள் தீப்பெட்டிகள் போல, லாரிகள் எறும்புகள் போல என்றெல்லாம் ஒரு எழுத்தாளன் அந்த இடத்தில் பார்க்க வேண்டும். நான் பெட்ரோல் முள்ளைப் பார்த்தேன். பெட்ரோல் குறையக் குறைய வண்டி லேசாகும் என்று ஒரு சந்தோஷம், தீர்ந்துபோனால் என்ன ஆகும் என்று ஒரு பயம். எடையைப் பற்றி மேலேயே சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். ஓட்டுகிறவரைக் கலவரப்படுத்தக் கூடாது என்று ஒரு நியாயம் கண்டுபிடித்து வாயை மூடிக்கொண்டேன். என் கோழைத்தனத்துக்கு எப்போதும் நல்ல நியாயங்கள் கிடைக்கும்.

இறங்கினோம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, கண் அப்போது மூடிக்கொண்டது. நின்றதும் பெரியவர் ஓடிவந்து என் துண்டு மூட்டையை அவிழ்த்து ஒவ்வொன்றாகக் கொடுத்தார்.

"நீங்களே கையத் தூக்கி உடச் சொன்னதும் எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சுங்க சாமி. என்ன தைரியம்!" என்றார்.

நான் சீப்பை வாங்கித் தலைவாரிக்கொண்டேன்.

பண்ணைக்காரர் கோழிகளைப் பார்க்கப் போனபிறகு, மாப்பிள்ளையைத் தனியாக நிறுத்தினேன். "மாப்ள, ஒண்ணு சொல்லணும். நான் எழுபத்தெட்டு இல்ல."

அவர் சிரித்தார். "தெரியுமுங்க மச்சான். எங்கக்கா கைச் சோறு திங்கறவரு எழுவத்தெட்டு இருப்பாருங்களா? உங்க செருப்புத் தடத்தப் பாத்தேன். பத்து கிலோ சேத்து எம்பத்தெட்டுன்னுதான் கணக்குப் போட்டேன்."

எனக்கு மனது லேசாகியது. லேசான மனதோடு உண்மையைச் சொன்னேன். "தொண்ணூத்தொண்ணு."

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. திரும்பித் தென்னந்தோப்பைப் பார்த்தார். சேறு ஒட்டியிருந்த சக்கரத்தைப் பார்த்தார்.

"அதானுங்க சாக்குகிட்ட முள்ளு வந்தும் வராம நின்னுச்சு. நிறுத்திரலாம்னு கை போயிருச்சு. காத்து நல்லா எதுத்து அடிச்சதால உட்டுப் புடிச்சேன்." பிறகு என் தோளில் கை வைத்தார். "செரி, மூணு கிலோதானுங்களே. அது அந்தக் காத்துக்குச் செரியாப் போச்சு. இன்னும் ஒரு அஞ்சு கிலோ கூட இருந்திருந்தீங்கன்னா, இந்நேரம் ரெண்டு பேரும் அந்த மரத்துமேல உக்காந்து எளநி குடிச்சிட்டிருப்போமுங்க."

சேலம் வரும்வரை அந்த ஐந்து கிலோவைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். முந்தின ஞாயிறு நான் சாப்பிடாமல் விட்ட இரண்டாவது தோசை, அலுவலகத்தில் வேண்டாமென்று தள்ளிய மைசூர்பாகு, எல்லாமாகச் சேர்ந்துதான் என்னைக் காப்பாற்றியிருக்கிறது என்று தோன்றியது. தன்னடக்கத்துக்கு இவ்வளவு நேரடியான பலன் நான் கேள்விப்பட்டதில்லை.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். முழுக்கச் சொன்னேன். கம்பியைச் சொன்னேன், குலையைச் சொன்னேன், தம்பியிடம் கடைசியில் மறைக்காமல் தொண்ணூற்றொன்று என்று ஒப்புக்கொண்ட என் நேர்மையையும் சொன்னேன். அவள் ஒரு சட்டையை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தொண்ணூத்தொண்ணுன்னு எதுலீங்க பாத்தீங்க?"

"நம்ம மெஷின்லதான்."

"அது ஆறு கிலோ கம்மியாத்தானுங்க காட்டும்" என்றாள். "போன வருசம் ராத்திரிச் சோத்த நிறுத்திட்டு எல்லாருமேலயும் எரிஞ்சு எரிஞ்சு உளுந்தீங்கள்ல? அப்ப நாந்தான் முள்ளத் திருகி வெச்சேன். ஊட்ல மனுசங்க நிம்மதியா இருக்க வேண்டாமுங்களா?"